சூரியனும் பொய்ச்சாட்சி சொல்லும்

என் எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் அந்த நட்சத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை. வானத்தில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கணக்கில் மட்டும் பிறக்கவில்லை. ஆய்வுக்கூடம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் என் நாத்தனார். நட்சத்திரம் அவளுடையது, எண் என்னுடையது.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறோம். அவள் மூன்றாவது மாடி. தொலைநோக்கி அனுப்பும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படிக்கிற கூட்டத்துக்குத் தலைவி. நான் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், விளக்குகளோடு. மேல்மாடியில் எனக்கு விளக்கம்மா என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மட்டும் எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு உலோகத்தை விரல்நுனி அளவு கிண்ணமாகக் கடைந்து, கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயு நிரப்பி மின்சாரம் கொடுத்தால், கிண்ணத்தின் சுவரிலிருந்து அணுக்கள் உதிர்ந்து ஒளிரும். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறங்களைத்தான் உமிழும். அதே உலோகம் ஒரு நட்சத்திரத்தின் மேற்பரப்பில் இருந்தால் அதே நிறங்களை விழுங்கிவிடும். நட்சத்திர ஒளியை விரித்துப் பார்க்கும்போது அந்த இடங்களில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு எங்கே விழும் என்பது ஒரு எண். அந்த அணு அந்த நிறத்தை எவ்வளவு பசியோடு விழுங்கும் என்பது இன்னொரு எண். இந்த இரண்டையும் அளந்து அட்டவணையில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. பசி தெரிந்தால்தான் ஆள் கணக்கு தெரியும். ஒருத்தன் எவ்வளவு சாப்பிடுவான் என்று தெரிந்தால், காலியான பாத்திரத்தைப் பார்த்தே எத்தனை பேர் வந்து போனார்கள் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அந்தக் கதைதான்.

நாத்தனாருக்கு அவளுடைய நட்சத்திரத்தில் வேண்டியிருந்தது தோரியம். அது மிக மெதுவாகச் சிதைந்து குறைந்துகொண்டே போகிற உலோகம். பிறக்கும்போது இருந்ததில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால் நட்சத்திரத்தின் வயது தெரிந்துவிடும். மிச்சம் குறைவென்றால் கிழம். வானத்திலேயே மூத்தவற்றில் ஒன்று என்று அவள் அதைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். மற்ற அடையாளங்களும் அப்படித்தான் காட்டின. ஆனால் நான் அளந்து கொடுத்த தோரியத்தின் பசியைக் கணக்கில் போட்டதும், பிறக்கும்போது இருந்திருக்க வேண்டியதைவிட இப்போது அதிகமாக இருப்பதாக விடை வந்தது. தொல்கிழவி என்று அவள் கொண்டாடியது என் கணக்கில் கருவில்கூட வரவில்லை.

அவள் என்ன செய்தாள்? அவர்கள் தொழிலில் பல பேர் கூசாமல் செய்வதைச் செய்தாள். நட்சத்திரம் சரியாக வரும்வரை என் எண்ணைத் திருகினாள். தோரியத்தின் பசியைக் கூட்டிக்கொண்டே போனால் ஆள் கணக்கு குறையும், வயது ஏறும். மனசுக்குப் பிடித்த வயது வந்த இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணை அட்டவணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள், பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் திருத்தம். நான் வைத்திருக்கும் பெயர் அச்சில் ஏறாது.

இயக்குநர் என் அறைக்கு இறங்கி வருவது அபூர்வம். பம்பின் எண்ணெய் வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அன்று வந்தார், கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு.

“மேடம், வெள்ளிக்கிழமை குழு கூடுது. நீங்களே எழுந்து, ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா சுமுகமா முடிஞ்சிடும்.”

“ஆட்சேபணை இருக்கே சார்.”

“சின்ன மாற்றம்தானே.”

“சின்னதுன்னா விட்டுடுங்களேன். எதுக்கு மாத்தணும்?”

அவர் சிரித்தார். பல் வைத்தியர் ஊசியைக் கையில் எடுக்கும்போது சிரிப்பாரே, அப்படி. “பாருங்க, நட்சத்திரத்துலேர்ந்தே எண்ணை எடுத்துக்கலாம்னு ஆயிட்டா, அப்புறம் இந்த அறைக்கு என்ன வேலை? மேல கம்ப்யூட்டர் வைக்க இடமில்லாம தவிக்கிறாங்க.” சொல்லிக்கொண்டே சுவருக்குச் சுவர் கண்ணாலேயே அளந்தார். எண் போனால் அறையும் போகும் என்று எனக்கு விளங்கிவிட்டது. அறை போனால் நான் மாடியில் எவன் கம்ப்யூட்டருக்காவது தூசி தட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

“அறை வேணும்னா நேரா அறையைக் கேளுங்க சார்,” என்றேன். “அதுக்காக அணு மேல பழி போடாதீங்க. நான் ஆட்சேபணை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆட்சேபணை இருக்குன்னு சத்தமாவே சொல்லுவேன்.”

அவர் போனபின் கதவை ஓங்கிச் சாத்தினேன். பயத்தில் இல்லை, கோபத்தில். கொஞ்சம் பயத்திலும்தான், ஏன் மறைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். சண்டை என்பதற்காக அவளும் வராமல் இருக்கவில்லை, நானும் சமைக்காமல் இருக்கவில்லை. வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்துப் பல வருடம் ஆன குட்டி. மேஜையின் தலைமாட்டில் மாமா, அதாவது என் மாமனார், அவளுக்கு அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய காலத்தில் எதிரே வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அதில் மாற்றமில்லை. அவருக்குப் பக்கத்தில் என் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். எந்த வலிக்கும் அவரிடம் ஒரு மாத்திரை உண்டு, எனக்கும் அவர் தங்கைக்கும் நடுவே வருகிற வலியைத் தவிர.

தட்டில் கை வைப்பதற்கு முன்பே குட்டி ஆரம்பித்தாள்.

“அண்ணி, சூரியனை வச்சும் சரிபார்த்துட்டேன். விண்கல்லுல எவ்வளவு தோரியம்னு நேரடியாவே அளந்து வச்சிருக்காங்க. சூரியனும் விண்கல்லும் ஒரே தூசியில பிறந்தது, அதனால சூரியன்லயும் அதே அளவுல இருக்கணும். உங்க எண்ணைப் போட்டா சூரியன்லயும் கூடுதலா வருது. என் எண்ணைப் போட்டா கிட்டத்தட்ட சரியா வருது. சூரியனே வந்து சாட்சி சொல்லுது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“கிட்டத்தட்டன்னா?”

“கிட்டத்தட்டன்னா கிட்டத்தட்டதான்.”

“உங்கண்ணன் கடையில கிட்டத்தட்ட சரியான மாத்திரையைக் குடுத்தா வாயில போட்டுக்குவியா?”

“என் கடையை இழுக்காதே,” என்றார் கணவர். பிறகு குரலைத் தணித்து, “ஒரே ஒரு எண்ணுதானே. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்.”

கல்யாணமான நாளிலிருந்து எதையெதையோ அனுசரித்திருக்கிறேன். கட்டிலில் படுக்கும் பக்கத்தை, டீயில் சர்க்கரையை, விடுமுறைக்குப் போகிற இடத்தை, கல்யாண வீடுகளில் இவருடைய சித்தப்பா மகன் பாடுவதை. அணுவை அனுசரிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. “நான் அனுசரிக்கலாம்,” என்றேன். “தோரியம் அனுசரிக்காது. அதுக்கு நம்ம குடும்பத்தைத் தெரியாது.”

“என் பொண்ணு தப்புக் கணக்கு போடவே மாட்டா!” என்று மாமா தீர்ப்புச் சொன்னார். சொன்ன வேகத்தில் ரொட்டியின் காய்ந்த ஓரத்தை ஓங்கிக் கடித்தார். மடக் என்று ஒரு சத்தம். ரொட்டி உடையவில்லை. அவருடைய பல்செட்டின் உலோகச் சட்டம் உடைந்து, ஒரு பாதி வாயிலும் ஒரு பாதி தட்டிலுமாகக் கிடந்தது. அதன்பிறகு சாப்பாட்டு மேஜையில் நட்சத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே குட்டி சொன்னாள்: “உங்க விளக்குல அழுக்கு அண்ணி. ஒத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“நானும் சும்மா இருந்து பழகினதில்லை. படியைப் பார்த்து இறங்கு.”

அவள் போய்விட்டாள், அந்தக் ‘கிட்டத்தட்ட’ போகவில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதுவே காதில் கேட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாக, அவள் குழுவுக்கு அனுப்பியிருந்த கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நட்சத்திரத்துக்கு ஏற்றபடி என் எண்ணைத் திருக வேண்டிய அளவு ஒன்று. சூரியனுக்கு ஏற்றபடி திருக வேண்டிய அளவு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்றைப் போட்டுவிட்டு, கிட்டத்தட்ட என்று கடந்துபோயிருந்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது, சந்தோஷத்தில். என் அளவுகோல் தப்பு என்றால் எங்கே வைத்து அளந்தாலும் அதே அளவுதானே தப்ப வேண்டும்? சூரியனில் ஒரு தப்பு, நட்சத்திரத்தில் ஒரு தப்பு என்றால், தப்பு என் விளக்கில் இல்லை. அந்த ஒளியில் இருக்கிறது. தோரியம் சாப்பிடும் அதே பாத்திரத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்து சத்தம் காட்டாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். சூரியனிலும் இருக்கிறான், அவள் நட்சத்திரத்திலும் இருக்கிறான், ஆள் எண்ணிக்கையில்தான் வித்தியாசம். அவன் தின்றதையும் தோரியத்தின் கணக்கில் எழுதிவிட்டு, தோரியம் பெருந்தீனிக்காரன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சூரியன் சொன்னது பொய்ச்சாட்சி.

யார் அவன்? ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஆற்றலில் படிகள் உண்டு. ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவும்போதுதான் ஒரு கோடு பிறக்கிறது. படிகள் தெரிந்த உலோகங்களுக்கு, யாரும் கண்ணால் பார்க்காத கோடுகள்கூட எங்கே விழக்கூடும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இரும்பில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கோபால்ட்டில் வந்து நின்றது. இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு தாவல், தோரியக் கோட்டின் மேலேயே ஏறி உட்காருகிற மாதிரி. ஒரு மயிரிழைதான் தள்ளி. அந்தக் கோட்டை எந்த அட்டவணையிலும் காணோம், யாரும் விளக்கில் பார்த்ததாகவும் தெரியவில்லை. கணக்கில் இருக்கலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. அது உண்மையில் ஒளிர்கிறதா, எவ்வளவு பசி அதற்கு என்பதை விளக்கு ஏற்றித்தான் பார்க்க வேண்டும். என்னிடம் கோபால்ட் கிண்ணம் இல்லை.

பொருளறைக்குப் போனேன். அங்கிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “குழு முடியற வரைக்கும் விளக்கறைக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது மேடம். மேலிடத்து உத்தரவு.” பட்டறையில் லேத்காரரிடம் கேட்டேன். “கடைஞ்சு குடுக்க நான் ரெடி. கோபால்ட்டுக்கு எங்கே போவேன்? என்கிட்ட இருக்கிறதெல்லாம் செம்பும் இரும்பும்தான்,” என்றார். கடைகளில் கேட்டால் வந்துசேர வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாமா பல்லே இல்லாமல் நின்றிருந்தார். அவரைப் பல் கட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தது அப்போதுதான் நினைவு வந்தது.

பல் கட்டுகிறவர் இரண்டு பாதிகளையும் விளக்கடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இது லேசுல உடையாதே. கோபால்ட், குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் கலந்த சட்டம் இது. எதைக் கடிச்சீங்க?”

“என் மருமக பேசினதைக் கேட்டுக்கிட்டே ரொட்டியைக் கடிச்சேன்,” என்றார் மாமா, பல் இல்லாத வாயால் முடிந்தவரை கம்பீரமாக.

“ஒட்ட முடியாது. புதுசுதான் செய்யணும்,” என்று அவர் உடைந்ததைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மாமா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இத்தனை வருடமாக எனக்கு எதிராகப் பேசியதெல்லாம் கோபால்ட் வழியாகத்தான் வந்திருக்கிறது.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். “மாமா, அந்த உடைஞ்ச சட்டத்தை எனக்குக் குடுத்துடுங்க.”

“எதுக்கு?”

வேறு ஏதாவது சொல்லி வாங்கியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லி வாங்கிய உலோகத்தை வைத்து உண்மையை அளக்க எனக்கு மனம் வரவில்லை. நடைபாதையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம், ஒளிந்திருந்து சாப்பிடுகிறவன், சூரியன், எல்லாம். முழுக்கக் கேட்டு முடித்ததும் அவர் முகம் சிவந்தது.

“அப்ப என் பல்லை வச்சே என் பொண்ணைக் கவுக்கப் போறே.”

“கவுக்கலாம். இல்லே, நானே கவுந்தும் போகலாம். விளக்கைப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

“நீ கவுந்தா வாயை மூடிக்குவியா?”

“மூடிக்குவேன். எல்லார் முன்னாடியும்.”

நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் காட்சி மாமாவின் கண்முன்னால் ஓடியிருக்க வேண்டும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. “அதுக்காகவேதான் தரேன்,” என்று பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

லேத்காரர் புதிதாக ஒரு செம்புக் கிண்ணம் கடைந்து, சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி உட்சுவரில் அழுத்திப் பதித்துக் கொடுத்தார். “இத்தனை வருஷ சர்வீஸ்ல பல்லுக்கு வேலை செய்யறது இதுதான் முதல் தடவை மேடம்,” என்றார். கண்ணாடிக் குழாயில் வைத்து, பம்பைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மாமாவின் வாய் வாசனை போக வேண்டுமே.

அதற்குள் மற்றவற்றைச் சரிபார்த்தேன். குரோமியக் கிண்ணமும் மாலிப்டினக் கிண்ணமும் என்னிடம் ஏற்கெனவே இருந்தன. ஒவ்வொன்றாக ஏற்றி அந்த இடத்தைப் பார்த்தேன். இருட்டு. செம்புக் கிண்ணத்தை மட்டும் வெறுமனே ஏற்றிப் பார்த்தேன். இருட்டு. பிறகு தோரிய விளக்கை ஏற்றினேன். எப்போதும் போல அதன் கோடு அதே இடத்தில் நிமிர்ந்து நின்றது. கருவியில் ஒன்றையும் அசைக்காமல் தோரிய விளக்கை எடுத்துவிட்டு மாமாவின் பல்லை வைத்தேன்.

நீலமும் ஊதாவுமாக ஒரு ஒளி, கிண்ணத்தின் வாயில் தளும்பியது. திரையில் கோபால்ட்டின் பழக்கமான கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எனக்கு வேண்டிய இடத்தை நெருங்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். சின்னதாக ஒரு மேடு. தோரியம் நின்ற இடத்திலேயே, மயிரிழை தள்ளி. ஒளிந்திருந்து சாப்பிட்டவன் கையும் களவுமாக அகப்பட்டான். நான் நாற்காலியில் சாய்ந்து, அந்த ஜன்னல் இல்லாத அறையில் தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு தடவை மட்டும் இல்லை.

குழுவில் எல்லோர் முன்பாகவும் அதை எடுத்துப் போட்டு அவளை நாறடித்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை எடுத்தேன்.

“குட்டி, கீழே வா.”

“எதுக்கு அண்ணி?”

“என் விளக்குல அழுக்குன்னு சொன்னியே. வந்து நீயே துடைச்சுட்டுப் போ.”

கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். திரையில் மேட்டைப் பார்த்ததுமே, “கிண்ணத்துல பழைய தோரியம் ஒட்டியிருக்கும்,” என்றாள்.

“புதுக் கிண்ணம்.”

“குழாய்ல?”

“நீயே பாரு.”

என்னை நகர்த்திவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோரியம் ஒட்டியிருந்தால் அதன் மற்ற கோடுகள், இதைவிட எடுப்பானவை, கட்டாயம் தெரிய வேண்டும். ஒவ்வொரு இடமாகப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒன்றுகூட இல்லை. மின்சாரத்தை நிறுத்தினாள், மேடு மறைந்தது. கொடுத்தாள், திரும்ப எழுந்தது. குரோமியத்தை ஏற்றச் சொன்னாள், மாலிப்டினத்தை ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். எதையும் விடவில்லை அவள். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் இப்படித்தான் குடைந்திருப்பேன். மேல்மாடியில் வேறு யாரையும் என் நாற்காலியில் உட்கார விட்டிருக்க மாட்டேன் என்பதும் அப்போது எனக்கே தெரிந்தது.

கடைசியில் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “உங்களுக்குத்தான் எதுவும் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே. கோபால்ட் எங்கேர்ந்து வந்துச்சு?”

“உங்கப்பா பல்லு.”

திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பாளா அழுவாளா என்று அவளுக்கே தெரியாத ஒரு முகம். “அப்பா குடுத்தாரா?”

“நான் தோத்துப்போவேன்னு நம்பிக் குடுத்தார்.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த வேகத்தில் போய்விட்டது. “அண்ணி, நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். பத்திரிகைக்குப் போயாச்சு. தொல்கிழவின்னு தலைப்பே போட்டுட்டாங்க.”

பாவமாகத்தான் இருந்தது. அவள் இரவும் பகலுமாக அந்த ஒளியைச் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். தோளில் கை வைத்தேன். “தெரியும் குட்டி. அதுக்காகக் கோபால்ட்டை எழுந்து போகச் சொல்ல முடியாது.”

அவள் என் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். படியேறிப் போனாள். வெள்ளிக்கிழமை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அப்பாவின் பிடிவாதம் அப்படியே உண்டு.

குழுவில் நான் எல்லாவற்றையும் காட்டினேன். தோரியம் ஒரு வரைபடம், கோபால்ட் ஒரு வரைபடம், ஒன்றின்மேல் ஒன்று. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். குட்டி மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அருமையான வேலை மேடம்,” என்றார் இயக்குநர். இப்படி ஆரம்பித்தால் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ரெண்டு எண்ணுக்கும் நடுவுல ஒண்ணைப் போட்டுடலாம். யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லாம.”

“வேண்டாம் சார்.”

“விட்டுக்குடுத்துப் போறதுல என்ன தப்பு?”

“என் வீட்டுல விட்டுக்குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், வேணும்னா வந்து பாருங்க. இது விட்டுக்குடுக்க என்னோட சொத்து இல்லை. அணு என்ன பண்ணுதோ அதைப் பார்த்துச் சொல்றதுதான் என் வேலை. அதுக்குக் கௌரவமும் தெரியாது, கமிட்டியும் தெரியாது.” குரல் உயர்ந்துவிட்டது, இறக்கவில்லை. “நடுவுல ஒண்ணைப் போட்டா, நாளைக்கு எவளோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து அதை நம்பி இன்னொரு நட்சத்திரத்துக்கு வயசு சொல்லுவா. அவ எங்க வீட்டு ஞாயித்துக்கிழமைச் சண்டையைப் பார்த்திருக்க மாட்டா. என் எண் வேண்டாம்னா எடுத்துடுங்க. எடுத்துட்டு அந்த இடத்தைக் காலியா விடுங்க. காலி இடம் யாரையும் ஏமாத்தாது. அறையையும் எடுத்துக்கோங்க. ஆனா நடு எண்ணுக்கு என் வாயிலேர்ந்து சரின்னு வராது.”

இயக்குநர் உதவி தேடி மேஜையின் மறுகோடியைப் பார்த்தார். குட்டி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். எழுந்து நின்றாள்.

“என் எண்ணை வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றாள். “அது தோரியத்தோட எண்ணே இல்லை. தோரியமும் கோபால்ட்டும் சேர்ந்து சாப்பிட்ட கணக்கு. விளக்கறைக்குப் போய் நானே ஏத்தி இறக்கிப் பார்த்தேன். அண்ணியோட எண் சரி.”

அறையில் நாற்காலிகள் அசைந்தன. இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. “அப்ப நட்சத்திரத்தோட வயசு?”

“தெரியாது சார்.”

“தெரியாதா? செய்தி வெளியில போயிருக்கு. இப்பப் போய்த் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“வாயைத் திறந்துதான் சார். நானே சொல்றேன். ஆரம்பிச்சது நான்தானே.” பேனாவை மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை. “அந்தக் கோட்டுல கோபால்ட் எவ்வளவு சாப்பிடுதுன்னு அண்ணி இன்னும் சரியா அளந்து குடுக்கணும். அளந்தப்புறம்தான் என் கிழவிக்கு வயசு சொல்ல முடியும். அளக்கறதுக்கு அந்த அறை வேணும். கம்ப்யூட்டரை நீங்க உங்க அறையில வச்சுக்கோங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை அந்த ஆள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

வேறு வழியில்லாமல் என் தோரிய எண் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. கோபால்ட்டின் புதுக் கோட்டையும் அட்டவணையில் சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். இயக்குநர் அந்த வரியைக் கடைசியாக ஒருமுறை படித்தார். எந்த உலோகத்தை வைத்து அளந்தது என்று எழுதுகிற இடத்தில் அவர் விரல் நின்றது. தோற்றதற்கு எங்காவது ஒரு இடத்தில் ஈடு கட்டியே ஆக வேண்டும் போலிருந்தது அவருக்கு.

“இதை மட்டும் மாத்திடுவோம். ‘உடைந்த பல்செட்’னு போட்டா உலகமே சிரிக்கும். ‘கோபால்ட் கலவை’ன்னு கௌரவமா ஒரு வார்த்தை போதுமே.”

நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி முந்திக்கொண்டாள்.

“எங்கப்பா பல்லு சார் அது,” என்றாள். “ஒரு எழுத்து மாத்தக் கூடாது.”